கலாவின் வரிசையில் ஒரு கோடு

கதிர்காமம், புதுச்சேரி
10 ஜூன் 2024

அன்புத் தங்கை கலாவுக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். அண்ணியின் முட்டி வலி மட்டும் சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். அங்கே மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. உழவர்கரையில் ஓர் அறக்கட்டளை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குப் பாடம் தயாரிக்கச் சொல்கிறார்கள். போனில் பார்த்துத் தாங்களே கற்றுக்கொள்ளும் பாடம். எட்டுப் பாடம், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். அங்கே பொறுப்பில் இருக்கும் எழிலரசன் பத்தாவதில் என்னிடம் இயற்பியல் படித்தவர். எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று ஒரு மதிப்பீடு எழுதித் தரச் சொன்னார்.

எட்டுக் கால் மணி, மொத்தம் இரண்டு மணி நேரம். ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு மணி நேரம் பாடக்குறிப்பு எழுதியே பழகியவன் நான். படம், குரல் எல்லாம் சேர்த்து இரண்டு வாரம் என்று எழுதினேன். உப்பளத்தில் கவிநிலா என்று ஒரு பெண், இந்த மாதிரிப் பாடங்களுக்குப் பத்து வருஷமாகப் படம் வரைகிறவர். அவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். "கிளாஸ்ல நீங்க நிக்கிறீங்க சார். ஒருத்தன் முழிச்சா பாத்துட்டு மறுபடியும் சொல்லுவீங்க. போன்ல யாரு நிப்பாங்க?" என்றார்.

சாம்பார் வைக்க எவ்வளவு நேரம் என்றால் இருபது நிமிஷம் என்போம். அது கொதிக்கிற நேரம் மட்டும். காய் வாங்கியது, நறுக்கியது, புளி கரைத்தது, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்தது எதுவும் அந்த இருபதில் இல்லை. பாடமும் அப்படித்தானாம். ஒரு நிமிஷப் பாடத்துக்கு இரண்டு மணி நேரம், சில சமயம் மூன்று மணி நேர வேலை இருக்கிறதாம். ஆகவே அட்டவணையை மறுபடி போட்டேன். எழுதுவது ஒரு வரிசை, படம் ஒரு வரிசை, குரல், நாலு குடும்பத்திடம் காட்டிச் சோதிப்பது, திருத்துவது. கடைசியில் "விஷயம் தெரிந்தவர்" என்று ஒரு வரிசை. அது நீ. ஆஸ்பத்திரியில் இருபத்தொன்பது வருஷம் நர்சாக இருந்தவள், இப்போது வீட்டிலும் அதையே செய்கிறவள், உன்னைவிட யாருக்குத் தெரியும்? உன் வரிசையில் நேரம், தொகை இரண்டு கட்டத்திலும் ஒரு கோடு போட்டுவிட்டேன். வீட்டில்தானே இருக்கிறாய், பாடத்துக்கு ஒரு மணி நேரம் கண்ணோட்டினால் போதும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
தணிகாசலம்


காரைக்கால்
21 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

அண்ணியின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், தைலங்களை நிறுத்தச் சொல்லுங்கள்.

இவர் அப்படியே இருக்கிறார். பக்கவாதம் வந்து இந்த ஆவணியோடு இரண்டு வருஷம். வலது பக்கம் அசைவில்லை, பேச்சில்லை, மூக்குக் குழாயில்தான் சாப்பாடு. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. நீங்கள் போன் செய்தால் நான் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுவதாக அண்ணிக்கு வருத்தம் என்று தெரியும். இது சின்ன வீடு. எந்த மூலையில் நின்று பேசினாலும் அவருக்குக் கேட்கும். எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்டு, நான் ஒரு பதில் சொன்னால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் நாளெல்லாம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எழுதினால் கேட்காது. பாடங்களையும் தாளில் அச்சடித்தே அனுப்புங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அதுதான் வசதி.

காலையில் வீட்டு வேலைக்குச் சின்னப்பாப்பா வருகிறாள். அவள் கைகொடுத்தால் குளிப்பாட்டித் துணி மாற்றிவிடலாம். அதன்பின் கொஞ்சம் ஓய்வுதான். ஒரு மணி நேரம் முடியும். எனக்கும் வேறு ஏதாவது யோசித்தால் நன்றாக இருக்கும்.

ஒன்று மட்டும். தப்பாக எதுவும் போகக் கூடாது. படிப்பவர்கள் அதை அப்படியே ஓர் உடம்பின் மேல் செய்து பார்ப்பார்கள்.

அன்புடன்,
சந்திரகலா


கதிர்காமம்
5 ஜூலை 2024

அன்புள்ள கலா,

நீ சம்மதித்ததில் எனக்குப் பாதி வேலை முடிந்த நிம்மதி. அண்ணிக்கு ஒத்தடம் நடக்கிறது. தைலத்தை மட்டும் விட மாட்டேன் என்கிறாள்.

மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு எழிலரசனைப் பார்த்தேன். ஜனவரி கடைசி என்று எழுதியிருந்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரப் பாடத்துக்கு ஏழு மாசமா சார்? நீங்க ஒரு வருஷ போர்ஷனையே ஏழு மாசத்துல முடிச்சிடுவீங்களே" என்றார். தப்பாகவும் கேட்கவில்லை, அவருக்குப் பணம் கொடுப்பவர்கள் டிசம்பரில் வந்து பார்க்கிறார்களாம். நவம்பருக்குள் வேண்டும்.

எங்கே குறைப்பது? படத்தில் குறைத்தால் கவிநிலாவின் பிழைப்பு. சோதனையில் குறைத்தால் பாடம் கெட்டுப்போகும். காரைக்கால் பஸ்ஸை நினைத்துப் பார். போர்டில் மூன்றரை மணி நேரம் என்று இருக்கும். கடலூர் நெரிசல், சிதம்பரத்தில் டீ என்று ஒரு மணி நேரம் கூடும். அது தெரிந்த டிரைவர் எங்கே மிதிப்பார்? ஆள் இறங்காத ஊர்களில் மிதிப்பார். நானும் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு பாடத்தையும் பார்த்துத் திருப்பி அனுப்ப உனக்கு ஒரு வாரம் என்று விட்டிருந்ததை மூன்று நாளாக்கினேன். உன் கை வேகம் எனக்குத் தெரியாதா?

முதல் பாடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். "படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது". மூன்று நாளில் அனுப்பிவிடு.

மாப்பிள்ளைக்குச் சத்துமாவு கொடுத்தனுப்பவா? குழாயில் போகுமா?

தணிகாசலம்


காரைக்கால்
22 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சத்துமாவு வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும்.

பாடம் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். ஆறு பக்கம் அனுப்பியிருந்தீர்கள், பதினோரு பக்கம் வருகிறது. திருத்த முடியவில்லை. திரும்ப எழுத வேண்டியதாயிற்று. "நோயாளியின் தோளையும் இடுப்பையும் பிடித்து மென்மையாகத் திருப்பவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுபது கிலோ ஆளை ஐம்பது கிலோப் பெண் மென்மையாகத் திருப்ப முடியாது. முதலில் அவர் முழங்காலை மடக்க வேண்டும், தூரத்துக் கையை மார்பின் மேல் வைக்க வேண்டும், பிறகு விரிப்போடு சேர்த்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். எந்த வரிசை தப்பினாலும் அவள் இடுப்பு போகும், அல்லது அவர் தோள் கழன்றுவிடும். ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, எந்தக் கை முதலில் போகிறது என்று கவனித்து எழுதினேன். இத்தனை நாள் கை பாட்டுக்குச் செய்ததைச் சொல்லில் எழுத உட்கார்ந்தால் நேரம் பிடிக்கிறது.

பரவாயில்லை. அடுத்ததை அனுப்புங்கள்.

அன்புடன்,
கலா


கதிர்காமம்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கலா,

நீ எழுதியதைக் கவிநிலா படித்துவிட்டு, இதுவரை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு குடும்பங்களிடம் காட்டினோம். அதில் ஒரு ஆள் தன் தாயாரை எங்கள் கண்ணெதிரே சரியாகப் புரட்டினார்.

இரண்டாவது, மூன்றாவது பாடங்களை வைத்திருக்கிறேன், நான்காவதையும் எழுதி முடித்த அளவுக்கு. நாட்கள் பிந்திவிட்டன, இவற்றையாவது சீக்கிரம் பார். நான்காவது படுக்கைப்புண். அதற்கு ஒரு சிக்கல். கவிநிலா வலைத்தளங்களில் தேடிய படங்கள் எல்லாம் வெள்ளைக்காரத் தோல். "முதலில் சிவக்கும்" என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் தோலில் அது எப்படித் தெரியும்? உன்னிடம் பழைய ஆஸ்பத்திரிப் படங்கள் ஏதாவது இருந்தால் அவர் போனுக்கு அனுப்பு. எண் கீழே இருக்கிறது.

உன் கடிதத்தில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே? மாறுதல் இல்லை என்றால் நல்லதுதான்.

உன் அண்ணன்


காரைக்கால்
11 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். எனக்கு நாலு நாள் காய்ச்சல், அதனால்தான் தாமதம். இப்போது சரியாகிவிட்டது.

இரண்டு, மூன்று, நான்கு பாடங்கள் இத்துடன். நான்காவதில் "சிவக்கும்" என்பதை எல்லா இடத்திலும் அடித்துவிடுங்கள். நம் தோலில் சிவப்புத் தெரியாது. அந்த இடம் மட்டும் கொஞ்சம் கருத்து, பளபளப்பாக இருக்கும். புறங்கையால் தொட்டால் சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாக இருக்கும், கெட்டியாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணை நம்பாமல் கையை நம்பச் சொல்லுங்கள்.

படங்கள் மூன்று கவிநிலாவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு நோயாளியுடையவை. வரைந்து முடித்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

சந்திரகலா


கதிர்காமம்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள கலாவுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஞ்சி, ரசம் என்று ஏதாவது சாப்பிடு.

ஒன்று கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. படங்களை வரைந்து முடித்துவிட்டு கவிநிலா என்னை வரச் சொன்னார். மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதலாவதில் கருப்பு. இரண்டாவதில் தோல் உரிந்திருக்கிறது. மூன்றாவதில் குழி. "மூணுலயும் அதே எடத்துல ஒரு மச்சம் இருக்கு சார். ஒரே ஆளு. ஆஸ்பத்திரிப் படம்னா கட்டில் வேற மாதிரி இருக்கும். இது வீடு" என்றார். பிறகு, "அழிச்சிட்டேன் சார்" என்றும் சொன்னார்.

கலா, அது மாப்பிள்ளையா?

பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. வருகிற சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஐந்தாவது பாடத்தைப் பற்றி இப்போது எதுவும் நினைக்காதே.

அண்ணன்


கதிர்காமம்
7 அக்டோபர் 2024

அன்புள்ள கலா,

வீடு வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அண்ணி கேட்டதற்கெல்லாம் பாதி பாதி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு பொழுதில் நீ நாற்காலியில் உட்கார்ந்ததை நான் பார்க்கவே இல்லை. எனக்குக் காபி கலந்தாய், அதைக் கொடுக்குமுன் அவருக்குச் சளி உறிஞ்சினாய். கஞ்சியை வடிகட்டினாய், அவரைச் சாய்த்து உட்கார வைத்தாய், குழாயில் ஊற்றினாய், அவர் கக்கிவிடாமலிருக்க அரை மணி பிடித்துக்கொண்டு நின்றாய், பிறகு துணி. புண்ணைக் கழுவும்போது என்னை வெளியே போகச் சொன்னாய். போகாமல் நின்றேன். மாப்பிள்ளை நல்ல பக்கத்துக் கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார். மின்துறையில் கம்பம் ஏறிய கை, இன்னும் பிடியில் வலு இருக்கிறது. கண் மட்டும் உன்னைச் சுற்றி வந்துகொண்டே இருந்தது.

சின்னப்பாப்பா எங்கே என்று கேட்டேன். மகள் பிரசவத்துக்குப் போனவள் ஜூலையிலிருந்தே வரவில்லை என்றாய். ஜூலை. நான் மூன்று நாளில் அனுப்பு என்று எழுதிய மாதம். "எங்களுக்குப் பிள்ளை இருந்தா கூடமாட இருந்திருக்கும்" என்று நீ சாதாரணமாகச் சொன்னதைத் திரும்பி வரும் பஸ்ஸில் என்னால் தாங்க முடியவில்லை.

வாசலில், "ஏன் எழுதலை?" என்று கேட்டபோது நீ உள்ளே கை காட்டிவிட்டு, "எழுதறேன் அண்ணே, இங்க வேணாம்" என்றாய். எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

பாடத்தை நிறுத்திவிடுகிறேன். எழிலரசனிடம் முடியாது என்று சொல்லிக்கொள்கிறேன். இங்கே ஆள் அனுப்பும் ஓர் இடத்தில் விசாரித்தேன். காரைக்காலுக்கு ஒரு பெண்ணை அனுப்ப முடியுமாம். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்


காரைக்கால்
3 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகம்தானே. நான் போனில் சரி என்றதும் நீங்கள் அனுப்பிய பெண் போன வாரம் வந்து சேர்ந்தாள். பெயர் மணியம்மாள். நல்ல கை. அவள் அவரோடு இருக்கிறாள், அதனால்தான் இதைக் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து எழுத முடிகிறது.

பாடத்தை நிறுத்த வேண்டாம். ஐந்திலிருந்து எட்டுவரை எழுதி வைத்துவிட்டேன், இத்துடன் வருகிறது.

ஏன் எழுதவில்லை என்று வாசலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆகஸ்டில் ஒரு நாள் மதியம். அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த அறை மேசையில் உட்கார்ந்தேன். நான்காவது பாடம். "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயம் புரட்ட வேண்டும்" என்ற வரியை எப்படிச் சொன்னால் மனதில் பதியும் என்று நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். நிமிர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. நாலு மணி நேரம். அவருக்குக் கூப்பிட வாயில்லை. நல்ல கையால் கட்டில் கம்பியைத் தட்டியிருக்கிறார், மோதிரத் தடம் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

ஒரு மதியத்தில் புண் வந்துவிடாது, நான் நர்ஸ், எனக்குத் தெரியும். அதற்கு முன்னாலும் இரவுகளில் தவறியிருக்கும். ஆனால் மறுநாள் காலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தபோது அந்த இடம் கருத்திருந்தது. கையை வைத்தேன். சூடாக இருந்தது. போனை எடுத்துப் படம் எடுத்தேன். பாடத்துக்கு ஆகும் என்றுதான் அப்போது முதலில் தோன்றியது. அதை நான் யாரிடம் சொல்வது?

இப்போது வேறொன்று. மணியம்மாள் வந்த பிறகு எனக்கு ஒரு காலைப்பொழுது கிடைத்தது. எட்டுப் பாடத்தையும் வரிசையாக வைத்துக்கொண்டு, நாம் செய்யச் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு நேரம் ஆகும் என்று குறித்தேன். புரட்டுவது, குழாயில் கொடுப்பது, அதற்கு முன் காய்ச்சி வடிகட்டுவது, வாய் துடைப்பது, கை கால் பயிற்சி, மலம் ஜலம், துணி துவைப்பது, மருந்து, புண் கழுவுவது, "நாளில் ஒரு மணி நேரமாவது அவரோடு பேசுங்கள்" என்று நீங்கள் எட்டாவதில் எழுதியது உட்பட. கூட்டினால் இருபத்திரண்டு மணி நேரம் வருகிறது. மீதி இரண்டு மணி நேரத்தில் அந்தப் பெண் தூங்க வேண்டும், தனக்குச் சமைக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அந்தத் தூக்கத்தையும் நடுவில் எழுந்து புரட்டுவதற்காக உடைக்க வேண்டும்.

ஒவ்வொரு பாடமும் சரியாகத்தான் இருக்கிறது அண்ணா. எல்லாவற்றையும் ஒருத்தியின் கையில் கொடுக்கும்போதுதான் தப்பாகிறது. பாடம் செய்ய எவ்வளவு நேரம் என்று நீங்கள் போட்டீர்கள். பாடத்தில் சொன்னதைச் செய்ய எவ்வளவு நேரம் என்று யாருமே போடவில்லை, நானும்தான்.

முதல் பாடத்துக்கு முன்னால் ஒரு பக்கம் வேண்டும். "இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. நீங்கள் தனியாக இருந்தால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று. கீழே ஓர் எண். அவ்வளவுதான் நான் கேட்பது.

கலா


கதிர்காமம்
19 நவம்பர் 2024

அன்புள்ள கலா,

உன் கடிதத்தை அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. மணியம்மாளை நீ விரும்பும்வரை வைத்துக்கொள், அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

நீ போட்ட கூட்டலை எடுத்துக்கொண்டு எழிலரசனிடம் போனேன். அவர் முழுக்கப் படித்தார். கெட்டவர் இல்லை, படிக்கும்போது முகம் மாறியது. பிறகு சொன்னார்: "இத மொதப் பக்கத்துல போட்டா ரெண்டாவது பக்கத்த யாரு சார் பாப்பாங்க? நாமதான் தைரியம் குடுக்கணும்."

"நம்பரு ஒண்ணு குடுத்தா போதும்பா. கூப்பிட்டா நாலு வார்த்தை பேச ஒரு ஆளு" என்றேன்.

"ஒரு நம்பர்னா அத எடுக்க ஒரு ஆள் வேணும் சார். அவருக்குச் சம்பளம் வேணும். பாடம் ஒரு தடவை செஞ்சா முடிஞ்சிது. நம்பர் முடியவே முடியாது. இத எந்த எஸ்டிமேட்ல நான் காட்டுவேன்?"

கரும்பலகை முன்னால் தடுமாறிய பையன் இப்போது மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்கிறான், கணக்கு சரியாக இருக்கிறது. நீ கேட்ட முதல் பக்கம் இல்லாவிட்டால் பாடத்தில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

புண் எப்படி இருக்கிறது? விளிம்பு சுருங்குகிறதா? மறைக்காமல் எழுது.

அண்ணன்


கதிர்காமம்
30 டிசம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளையின் காரியம் முடிந்து உன்னை அங்கே தனியாக விட்டுவிட்டு வர எனக்கும் அண்ணிக்கும் மனசு கேட்கவில்லை. எங்களோடு வந்துவிடு என்றதற்கு நீ, "கொஞ்ச நாள் இங்க இருக்கேன்" என்றாய். இரு. இந்த வீட்டில் உனக்கு ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம், அது ஓடிவிடாது.

நெஞ்சுச் சளிதான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே எடுத்துக்கொள் கலா. உனக்கு அதற்கு மேல் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதை எடுத்துக்கொள்.

இதை இப்போது சொல்ல வேண்டாம் என்று அண்ணி தடுத்தாள். நீ வேறு யார் வழியாகவோ தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல். பாடம் இந்த மாத நடுவில் வெளியாகிவிட்டது. நீ கேட்ட முதல் பக்கம் அதில் இல்லை. என் பெயரை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். அது அவர்களுக்குச் சுலபமான திருத்தமாக இருந்தது. கவிநிலா வருத்தப்பட்டார், அந்தப் பக்கத்துக்கு அவர் காசு வாங்காமலே படம் வரைந்து வைத்திருந்தார். ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி.

அடுத்ததாகச் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு ஒரு பாடம் வருகிறதாம், எழிலரசன் மறுபடி என்னைத்தான் கேட்கிறார். மதிப்பீடு எழுத உட்கார்ந்தேன். எல்லா வரிசையும் எழுதிவிட்டேன், உன் வரிசை மட்டும் காலியாக இருக்கிறது. நான் அதில் எதுவும் போட மாட்டேன். உனக்கு விருப்பமிருந்தால் எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை என்று நீயே சொல். விருப்பமில்லை என்றால் நான் இந்த வேலையையே எடுக்கவில்லை. அவசரமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


காரைக்கால்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. சாப்பிடுகிறேன், தூக்கம்தான் பழகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்த பிறகுதான் செய்ய ஒன்றுமில்லை என்பது தெரிகிறது.

கட்டிலையும் தண்ணீர் மெத்தையையும் நான் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டேன். அறை பெரிதாகத் தெரிகிறது. மணியம்மாள் போன மாதம் ஊருக்குத் திரும்பினாள், அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன்.

என் வரிசையில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். பேனாவை எடுத்து இரண்டு முறை உட்கார்ந்தேன். வரவில்லை. இந்த முறை வேறு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு வேண்டியதைக் கொடுங்கள். வேலையை விட்டுவிடாதீர்கள், நீங்கள் சும்மா இருந்தால் அண்ணிக்குத்தான் கஷ்டம்.

எங்கள் தெருக்கோடியில் பார்வதி என்று ஒருத்தி. கணவர் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு முறை வருவார். மாமியார் ஐப்பசியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். நான் நர்சாக இருந்தவள் என்று யாரோ சொல்லி, போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நம் பாடம்தான். எட்டையும் பார்த்திருக்கிறாள், முதல் பாடத்தைப் பல தடவை. "எல்லாம் புரியுதுக்கா. நல்லாதான் சொல்லிக் குடுக்கறாங்க. எனக்குத்தான் செய்யத் தெரியல போல, நாள் பத்த மாட்டேங்குது" என்றாள். தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை எழுதியவள் நான் என்று அவளிடம் சொல்லவில்லை. நாள் யாருக்கும் பத்தாது என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து மதியம் இரண்டு மணி நேரம் போகிறேன். கிழவியைப் புரட்டி, முதுகைப் பார்த்து, ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கிறேன். வாயாடிக் கிழவி, நான் கையை வைத்தால் திட்டுகிறது. புண் ஏதும் இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் பார்வதி சுவரோரம் பாயைப் போட்டுப் படுத்துவிடுகிறாள். தலை சாயும்போதே தூங்கிவிடுகிறாள். எழுப்ப மனசு வராமல் சில நாள் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம்கூட ஆகிவிடுகிறது.

பங்குனி பிறந்ததும் ஒரு வாரம் அங்கே வந்து இருந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். பார்வதியைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சந்திரகலா